5,463 எழுத்து நீளமுள்ள தனிக் கான்டிக்: பேசில்லஸில் புதிய பேஜா, வேறு ஏதாவதா?

வேர்மண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நெல் வேர்மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பேசில்லஸ் சப்டிலிஸ் தனிவளர்ப்பு ஒன்றின் ஜீனோமை முதல் முறையாக நானே தொகுத்துப் பார்த்திருக்கிறேன். சீக்வென்சிங்கை வெளியில் ஒரு சேவை நிறுவனத்தில் கொடுத்தோம். இல்லுமினா கருவியில், இரு முனையிலிருந்தும் 150 எழுத்து வீதம், 14 லட்சம் ரீட் (கருவி வாசித்த டி.என்.ஏ. துண்டின் வரிசை) இணைகள் வந்தன. ஃபாஸ்ட்பி மென்பொருளில் சுத்தம் செய்து, ரீடுகளை ஒட்டித் தொகுக்கும் ஸ்பேட்ஸில் கொடுத்தபோது, ஆயிரம் எழுத்துக்கு மேற்பட்ட 31 கான்டிக்குகள் (தொகுத்துக் கிடைத்த தொடர் துண்டுகள்) கிடைத்தன. கூட்டினால் ஏறத்தாழ 42 லட்சம் எழுத்துகள். இந்த இனத்துக்கு எதிர்பார்க்கும் அளவுதான் என்பதால் முதலில் நிம்மதியாக இருந்தது.

பட்டியலின் கீழ்ப்பகுதியில் 5,463 எழுத்து நீளத்தில் ஒரு கான்டிக் தனியாக நிற்கிறது. ஜீன்களைக் கண்டு பெயரிடும் ப்ரோக்கா மென்பொருள் அதில் ஏழு ஜீன்களைக் குறித்திருக்கிறது. அவற்றில் சில கேப்சிட் புரதம் என்றும் ஸ்பைக் புரதம் என்றும் பெயர் பெற்றுள்ளன. ஜி, சி இரண்டும் சேர்ந்த விகிதம் 45 விழுக்காடு, பாக்டீரியாவின் 43.5 விழுக்காட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. மற்ற கான்டிக்குகளின் தலைப்பு வரியில் கவரேஜ் (ஓர் இடம் சராசரியாக எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்ற அளவு) 49 அளவில் இருக்க, இதில் 38 இருக்கிறது. பேசில்லஸ் பேரினத்துக்குள் மட்டும் தேடுமாறு வரம்பிட்டு, வரிசை ஒற்றுமை தேடும் பிளாஸ்ட்டை ஓட்டியபோது பொருட்படுத்தத்தக்க ஒற்றுமை எதுவும் வரவில்லை. ஆகவே இது இதுவரை பதிவாகாத ஒரு புரோஃபேஜாக, அதாவது பாக்டீரியாவின் குரோமோசோமுக்குள் தங்கிய பேஜ் வைரஸாக, இருக்கலாம் என்று நானும் என் நெறியாளரும் கருதுகிறோம். சிறு குறிப்பாக எழுதி அனுப்புவதற்கு முன் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கட்டளைவரி எழுதியது:

குறிப்பை அனுப்ப வேண்டாம். 5,463-இலிருந்து 77-ஐக் கழித்துப் பாருங்கள்.

150 எழுத்து ரீடுகளுக்கு ஸ்பேட்ஸ் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மிகப்பெரிய கே-மெர் (ரீடுகளை ஒட்ட அது பயன்படுத்தும் குறிப்பிட்ட நீளச் சாளரம்) 77. வட்டமான ஒரு மூலக்கூறை அது நேர்கோடாக வெட்டி எழுதும்போது, தொடக்கத்தில் உள்ள 77 எழுத்துகளை முடிவிலும் ஒருமுறை எழுதிவிடும். கழித்தால் 5,386 மிஞ்சும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த எண் வீட்டுக் கதவு எண்ணைப் போல மனப்பாடம். பிளாஸ்ட்டில் நீங்கள் இட்ட வரம்பை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால் முதல் வரியிலேயே விடை வந்துவிடும்.

பழைய ஜெல் எழுதியது:

மேலே சொல்லப்பட்டது சரி. ஆனால் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் புதியவர்களுக்கு எதுவும் விளங்காது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

5,386 என்பது ஃபை-எக்ஸ் 174 என்ற பேஜின் ஜீனோம் நீளம். இது ஈ.கோலையைத் தாக்கும் மிகச் சிறிய வைரஸ். இதன் ஜீனோம் ஒற்றை இழை டி.என்.ஏ.வால் ஆன ஒரு வட்டம். முழுமையாக வாசிக்கப்பட்ட முதல் டி.என்.ஏ. ஜீனோம் இதுதான். ஃபிரெடரிக் சேங்கரின் கேம்பிரிட்ஜ் குழு 1977 பிப்ரவரியில் இதை வெளியிட்டபோது பயன்படுத்தியது, இன்று அவர் பெயரால் நாம் அழைக்கும் டைடியாக்சி முறையை அல்ல. அதற்கு முந்தைய பிளஸ்-மைனஸ் முறையையே. அப்போது சொல்லப்பட்ட நீளம் ஏறத்தாழ 5,375. அதே ஆண்டின் இறுதியில் வெளியான டைடியாக்சி முறையைக் கொண்டு சரிபார்த்த பிறகு, 1978-இல்தான் 5,386 என்று உறுதியானது. அப்படிப் பிறகு கிடைத்த அந்தப் பதினோரு எழுத்துகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. நான்கு பாதை ஜெல்லை எக்ஸ்ரே ஃபிலிமில் பதித்து, விளக்குப் பெட்டியின் மேல் வைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் எழுத, ஓர் இரவுக்கு இருநூறு எழுத்துத் தேறினால் தேநீர் வாங்கிக் கொடுத்த காலத்தில் நானும் இருந்திருக்கிறேன். ஒரே எழுத்து தொடர்ந்து ஐந்தாறு முறை வந்தால் கோடுகள் ஒட்டிக்கொள்ளும், எண்ணிக்கை நிச்சயமாகத் தப்பும்.

அந்த வைரஸ் உங்கள் நெல் வயலுக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அது வயலுக்கு வரவில்லை, கருவிக்குள் வந்தது. இல்லுமினா முறையின் மூலமான சொலெக்ஸாவைத் தொடங்கியவர்கள் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஷங்கர் பாலசுப்ரமணியனும் டேவிட் க்ளெனர்மேனும். முன்னவர் சென்னையில் பிறந்தவர். 2005-இல் அந்நிறுவனம் தன் முறை வேலை செய்கிறது என்று காட்டுவதற்கு வாசித்த முதல் ஜீனோமும் இதே ஃபை-எக்ஸ்தான். எழுத்துக்கு எழுத்து விடை தெரிந்த ஒரு பாடத்தைக் கொடுத்தால்தான் வாசிப்பவன் எத்தனை பிழை செய்கிறான் என்று அளக்க முடியும். எனவே இன்றும் ஓட்டம் தொடங்கும்போது மாதிரிகளோடு சிறிதளவு ஃபை-எக்ஸைக் கலந்துவிடுவது ஆய்வகங்களின் வழக்கம்.

இரண்டாவது காரணமும் உண்டு. ஒவ்வொரு சுழற்சியிலும் கருவி தகட்டைப் படம் பிடித்து, ஒளிரும் புள்ளிகளை வைத்து டி.என்.ஏ. கொத்துகள் எங்கெங்கே இருக்கின்றன என்று முதல் சில படங்களில் தீர்மானிக்கிறது. பாக்டீரியா இனங்களை அடையாளம் காண உதவும் 16எஸ் ஜீனை மட்டும் பெருக்கி வாசிக்கும் ஆய்வில் எல்லாக் கொத்தும் ஒரே பிரைமரில் (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு துண்டில்) தொடங்குவதால், தகடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தாக ஒளிரும் அல்லது இருண்டுவிடும். அருகருகே உள்ள இரு கொத்துகளைப் பிரித்தறிய முடியாமல் தரம் சரியும். நான்கு எழுத்தும் ஏறத்தாழச் சமமாக வரும் ஃபை-எக்ஸைக் கலந்தால் அந்தச் சிக்கல் தணிகிறது. சாதாரண ஓட்டத்துக்கு ஒரு விழுக்காடு போதும். பன்மை குறைந்த மாதிரிகளுக்கு ஐந்து விழுக்காடோ அதற்கு மேலோ சேர்ப்பார்கள்.

உங்கள் ப்ரோக்கா ஏழு ஜீன்களைக் காட்டியதும் பொருந்துகிறது. அந்த வைரஸுக்கு மொத்தம் 11 ஜீன்கள். சில, வேறொரு ஜீனின் உள்ளேயே வேறு வாசிப்புச் சட்டத்தில் அடங்கிக் கிடக்கின்றன. செல்லை உடைக்கும் ஈ ஜீன், டி ஜீனுக்குள் இருக்கிறது. இப்படி உள்ளடங்கியவற்றைத் தானியங்கிக் கருவிகள் பெரும்பாலும் தவறவிடும்.

வேர்மண் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. வரம்பை எடுத்துவிட்டு ஓட்டினேன்; நீங்கள் இருவரும் சொன்னபடியே வந்தது. தேடுவதற்கு முன்பே விடையை முடிவு செய்துவிட்டுப் பேசில்லஸுக்குள் மட்டும் தேடியது என் பிழை.

ஆனாலும் மூன்று ஐயங்கள் தீரவில்லை. கலந்தது ஒரு விழுக்காடுதான் என்றால், என் கோப்பில் கசிந்தது அதிலும் மிகச் சிறு பங்காகத்தான் இருக்க வேண்டும்; அப்படியிருக்கக் கவரேஜ் குரோமோசோமுக்குச் சற்றே குறைவாக எப்படி வந்தது? மாதிரிகளைப் பிரித்தறிய ஒட்டும் இன்டெக்ஸ் குறியே இந்தக் கலவைக்குக் கிடையாது என்று படித்தேன். பிறகு என் மாதிரியின் கோப்புக்குள் அது எப்படி நுழைந்தது? சேவை நிறுவனத்தின் அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே, அது இயல்பா?

கட்டளைவரி எழுதியது:

முதல் ஐயத்துக்குக் கணக்கே விடை. 14 லட்சம் இணைகள், ஓர் இணைக்கு 300 எழுத்து. மொத்தம் 42 கோடி எழுத்து. ஜீனோம் 42 லட்சம் எழுத்து. வகுத்தால் கவரேஜ் 100. இப்போது ஆயிரத்தில் ஓர் இணை மட்டும் ஃபை-எக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1,400 இணைகள், 4,20,000 எழுத்துகள். அவை பரவ வேண்டிய இடமோ வெறும் 5,386 எழுத்து. வகுத்தால் 78. கடலில் தெளித்தால் காணாமல் போகும் ஒரு குடம் நீர், சொம்பில் ஊற்றினால் வழிகிறது. ஆகவே இத்தகைய சிறு மூலக்கூறுகளில் கவரேஜ் உயர்வாக இருப்பதை வைத்து, அது மாதிரியில் உண்மையாக நிறைய இருந்தது என்று முடிவு கட்டக்கூடாது.

தலைப்பு வரியில் 100-க்குப் பதில் 49 என்று ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இதில் இடறுகிறார். ஸ்பேட்ஸ் அங்கே எழுதுவது ரீட் கவரேஜ் அல்ல, மிகப்பெரிய கே-மெரின் கவரேஜ். 150 எழுத்து ரீடில் 77 எழுத்துச் சாளரம் 74 இடங்களில்தான் பொருந்தும். எனவே 100-ஐ 74-ஆல் பெருக்கி 150-ஆல் வகுத்தால் 49 வரும். அதே கணக்கில் 78 என்பது 38 ஆகும். உங்கள் கான்டிக்கின் தலைப்பில் இருப்பதும் 38. அதாவது உங்கள் கோப்பில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று கசிந்திருக்கிறது; ரீடுகளை எண்ணாமலே தலைப்பு வரி இதைச் சொல்லிவிட்டது.

இரவுப்பணி எழுதியது:

சீக்வென்சிங் மையத்தில் கருவி பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பதால் இரண்டாவது ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன்.

ஓட்டம் முடிந்ததும் மென்பொருள் ஒவ்வொரு கொத்தின் இன்டெக்ஸையும் பார்த்து ரீடுகளை மாதிரிவாரியாகப் பிரிக்கிறது. வழக்கமாகக் கலக்கும் ஃபை-எக்ஸ் கலவைக்கு இன்டெக்ஸ் இல்லாததால், இன்டெக்ஸை வாசிக்கும் சுழற்சிகளில் அதன் கொத்துகள் ஒளிராமல் இருட்டாக இருக்கும். முறைப்படி அவை அடையாளம் தெரியாதவை என்ற தனிக் கோப்பில் போய் விழ வேண்டும். ஆனால் தகட்டில் கொத்துகள் நெருக்கமாக இருக்கும்போது, பக்கத்தில் இருக்கும் மாதிரிக் கொத்தின் ஒளி இந்த இருண்ட இடத்தில் கசிந்து, அந்த மாதிரியின் இன்டெக்ஸாகவே பதிவாகிவிடும். ஒரு முனையில் மட்டும் இன்டெக்ஸ் வைத்தால் கசிவு அதிகம். இரு முனையிலும் வைத்து இரண்டும் பொருந்த வேண்டும் என்று விதித்தால் வெகுவாகக் குறையும்.

மூன்றாவது ஐயம்: அறிக்கையில் இல்லாதது வியப்பில்லை. எத்தனை விழுக்காடு கலந்தார்கள், ஒற்றை இன்டெக்ஸா இரட்டையா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டால் பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். கேட்பவர்கள்தாம் குறைவு.

இன்னொன்றும் பாருங்கள். உங்கள் கருவி இருவண்ண முறையில் இயங்குவதாக இருந்தால், ஜி எழுத்துக்கு நிறமே கிடையாது. இருட்டு என்றால் ஜி என்று பொருள். டி.என்.ஏ. துண்டு சிறியதாக இருந்து வாசிப்பு அதன் முடிவைத் தாண்டிவிட்டால், ஒளி எதுவும் இல்லாத அந்தப் பகுதியைக் கருவி தொடர் ஜி-யாக எழுதிவிடும், பல நேரங்களில் உயர்ந்த தர மதிப்பெண்ணோடு. தரத்தை மட்டும் பார்த்து வெட்டும் கருவிகளிடம் இது தப்பிவிடும். ஃபாஸ்ட்பி நெக்ஸ்ட்செக், நோவாசெக் கோப்புகளை அடையாளம் கண்டு இந்த ஜி வாலைத் தானே வெட்டும் என்பதால் உங்களுக்குக் கவலை இராது.

பேஜ் வேட்டை எழுதியது:

எல்லாரும் ஒரே குரலில் நீக்கச் சொல்வதற்கு முன் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். நான் கழிவுநீரில் பேஜ் தேடுபவன். எங்கள் குழுவில் முன்பு இருந்த ஒருவர், ரீடுகள் வந்தவுடன் ஃபை-எக்ஸை ஒத்த அனைத்தையும் தளர்வான அளவுகோலில் வடிகட்டும் வரியை எல்லா மாதிரிகளுக்கும் பொதுவாக எழுதி வைத்திருந்தார். கழிவுநீரில் ஈ.கோலை நிறைய, அதைத் தாக்கும் ஃபை-எக்ஸின் உறவினர்களும் இயல்பாகவே உண்டு. அந்த வரி கருவியின் கலவையோடு சேர்த்து எங்கள் உண்மையான பேஜ்களையும் தின்றுவிட்டது. ஆறு மாதம் கழித்தே கண்டுபிடித்தோம்.

ஆகவே நீளத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், வேர்மண் தன் தரவில் நான்கு சான்றுகளைத் தேட வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, ஒற்றுமை எந்த அளவுக்கு நெருக்கம் என்பது. கருவியில் கலக்கப்படும் வடிவம், பொதுத் தரவுத்தளத்தில் உள்ள சேங்கர் கால வரிசையிலிருந்து சில இடங்களில் மட்டும் மாறுபடும். உங்கள் கான்டிக் அந்தக் கலவை வடிவத்தோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தினால் அது வயலிலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை. இரண்டாவது, ஓம்புயிர்: ஈ.கோலையின் வெளிச்சவ்வுச் சர்க்கரைகளைப் பற்றி நுழையும் இந்த வைரஸுக்கு, வெளிச்சவ்வே இல்லாத பேசில்லஸில் பிடிமானம் கிடையாது. மூன்றாவது, ஃபை-எக்ஸ் ஓம்புயிரின் குரோமோசோமுக்குள் தங்கி வாழும் வகை அல்ல, உடைத்து வெளியேறும் வகை. புரோஃபேஜ் என்றால் குரோமோசோமோடு இணைந்திருக்க வேண்டும்; பேண்டேஜ் மென்பொருளில் அசெம்பிளி (ரீடுகளைத் தொகுத்த) வரைபடத்தைத் திறந்தால் அந்தத் துண்டு மற்றவற்றோடு கோடுகளால் பிணைந்திருக்கிறதா, தனி வளையமாக நிற்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். நான்காவது, நாம் வழக்கமாகச் செய்யும் லைப்ரரி (வாசிப்புக்கு டி.என்.ஏ.வைத் தயாரிக்கும்) முறைகள் இரட்டை இழை டி.என்.ஏ.வை மட்டுமே பிடிக்கும். வைரஸ் துகளுக்குள் இருக்கும் ஒற்றை இழை வட்டம் அதில் எளிதில் சேராது.

கட்டளைவரி எழுதியது:

நான்கும் ஏற்கத்தக்கவை. ஆனால் தனிவளர்ப்பு பேசில்லஸுக்கும் கழிவுநீருக்கும் ஒரே விதி பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தனிவளர்ப்பில் அசெம்பிளிக்கு முன்பே நீக்குவதுதான் முறை. வேண்டாத ரீடுகளை வடிகட்டும் பிபிடக் மென்பொருளோடு கலவை வடிவத்தின் வரிசையே கோப்பாக வருகிறது. ஒரே கட்டளையில் முடிந்துவிடும்.

நீக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று போதும். பொதுத் தரவுத்தளத்தில் இருந்த 18,000-க்கும் மேற்பட்ட நுண்ணுயிர் ஜீனோம்களைச் சலித்ததில், ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் ஃபை-எக்ஸ் துண்டுகள் கிடந்தன. அவற்றில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று ஆய்விதழ்களிலும் ஏறிவிட்டவை. அடுத்து வருபவர் தன் கான்டிக்கைத் தேடும்போது, ஏதோ ஒரு பாக்டீரியாவின் பெயரோடு ஒற்றுமை காட்டும்; அதை நம்பி அவரும் தன்னுடையதைச் சமர்ப்பிப்பார்.

பேஜ் வேட்டை எழுதியது:

நீக்குங்கள், மறுக்கவில்லை. எத்தனை இணைகள் நீங்கின என்ற எண்ணிக்கையைக் குறித்து வைத்துக்கொண்டு நீக்குங்கள் என்கிறேன். எண்ணிக்கை எழுதாமல் வடிகட்டியதால்தான் எங்களுக்கு ஆறு மாதம் போனது.

வேர்மண் எழுதியது:

இரண்டு நாள்களில் செய்து பார்த்தவற்றை எழுதுகிறேன். கலவை வடிவத்தோடு என் கான்டிக்கை ஒப்பிட்டேன். திரும்ப எழுதப்பட்ட 77 எழுத்துகளைக் கழித்தபின் ஓர் எழுத்துகூட மாறவில்லை. சேங்கர் கால வரிசையோடு ஒப்பிட்டபோதுதான் சில இடங்களில் வேறுபாடு வந்தது. பேண்டேஜில் அது யாரோடும் ஒட்டாத தனி வளையமாக நிற்கிறது. போடை மென்பொருள் மூலம் ரீடுகளைப் பொருத்தியபோது 1,412 இணைகள் அதில் விழுந்தன. கட்டளைவரி அவர்கள் ரீடுகளைப் பார்க்காமலே 1,400 என்று சொன்னதை என் நெறியாளரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் பதிவை மறுபடி வாசித்தார். குறிப்பு எழுதும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டோம்.

நீக்கிவிட்டு மறுபடி ஓட்டியதில் 30 கான்டிக்குகள். அவற்றில் ஒன்று இப்போது என்னை உறுத்துகிறது. ஏறத்தாழ 5,000 எழுத்து நீளம். தலைப்பில் கவரேஜ் 486. வரைபடத்தில் இதிலிருந்து பல பக்கமும் கோடுகள் கிளம்பி முடிச்சாகக் கிடக்கின்றன. இதுவும் கசிவா?

பழைய ஜெல் எழுதியது:

இது கசிவு அல்ல, உங்கள் பாக்டீரியாவின் சொந்தச் சொத்து. 486-ஐ 49-ஆல் வகுத்தால் ஏறத்தாழப் பத்து. பேசில்லஸ் சப்டிலிஸின் 1997-இல் வெளியான மேற்கோள் ஜீனோமில், 16எஸ், 23எஸ், 5எஸ் ஆகிய ரைபோசோம் ஆர்.என்.ஏ. ஜீன்கள் அடங்கிய தொகுதி பத்து இடங்களில் இருக்கிறது. பத்தும் ஏறத்தாழ ஒரே வரிசை. 77 எழுத்துச் சாளரத்தின் வழியாகப் பார்க்கும் அசெம்பிளருக்குப் பத்துத் தொகுதிகளும் ஒன்றாகவே தெரிவதால், அவற்றை ஒரே கான்டிக்காக மடித்துவிட்டு, உள்ளே வரும் பத்துப் பாதைகளையும் வெளியேறும் பத்துப் பாதைகளையும் எப்படி இணைப்பது என்று தெரியாமல் அங்கேயே வெட்டிவிடுகிறது. உங்கள் ஜீனோம் 30 துண்டாக நிற்பதற்கு முதன்மையான காரணம் இந்த முடிச்சுதான்.

கே-மெர் வரைபடத்தில் இதைத் தீர்க்க வழியில்லை, எத்தனை கோடி ரீடுகளைக் கொட்டினாலும். ஐயாயிரம் எழுத்துத் தொகுதியை ஒரே மூச்சில் கடந்து, இருபுறமும் உள்ள தனித்த பகுதிகளையும் தொட்டு நிற்கும் நீண்ட ரீடு வேண்டும். நீண்ட ரீடு தரும் நானோபோர் கருவியில் பத்தாயிரம் எழுத்து ரீடுகள் சாதாரணமாகக் கிடைக்கும். அவற்றை ஃப்ளை மென்பொருளில் தொகுத்தால் இத்தகைய ஜீனோம் பல நேரங்களில் ஒரே வட்டமாக மூடிக்கொள்ளும். அங்கே எழுத்துப் பிழை வேறு வகை: ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடங்களில் எண்ணிக்கை தப்பும். புதிய துளைகளிலும் புதிய பேஸ்காலர்களிலும் (கருவியின் சிக்னலை எழுத்தாக்கும் மென்பொருள்களிலும்) இது வெகுவாகக் குறைந்திருக்கிறது, முழுமையாகப் போகவில்லை. எக்ஸ்ரே ஃபிலிமின் முன் நாங்கள் கண் கசக்கிய அதே இடம்தான். அதற்கு உங்களிடம் இருக்கும் இல்லுமினா ரீடுகள் திருத்தக் கைகொடுக்கும். ஆகவே அவற்றை அழித்துவிடாதீர்கள்.

இரவுப்பணி எழுதியது:

நீண்ட ரீடு எடுப்பதானால் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் முறையையும் மாற்றுங்கள். மணிகளைப் போட்டுக் குலுக்கி உடைக்கும் கிட்டில் எடுத்த டி.என்.ஏ. ஏற்கெனவே துண்டுகளாகத்தான் இருக்கும். பேசில்லஸின் தடித்த சுவருக்கு லைசோசைம் போட்டு மெதுவாகக் கரைத்து, அகன்ற முனை டிப்பால் கையாளுங்கள்.

வேர்மண் எழுதியது:

குறித்துக்கொண்டேன். சேவை நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது: ஐந்து விழுக்காடு கலந்திருக்கிறார்கள், ஒற்றை இன்டெக்ஸ். அதே தகட்டில் வேறொருவரின் 16எஸ் மாதிரிகளும் சென்றனவாம்.

எங்கள் ஆய்வகத்திலிருந்து அதே ஓட்டத்தில் சென்ற மற்ற நான்கு தனிவளர்ப்புகளின் கோப்புகளிலும் தேடிப் பார்த்தேன். நான்கிலும் இருக்கிறது. அவற்றில் மூன்று இன்னும் எங்கள் வட்டிலேயே இருப்பதால் நீக்கிவிட்டேன், எண்ணிக்கையையும் எழுதி வைத்தேன். நான்காவதை எங்கள் மூத்த மாணவர் மார்ச் மாதமே பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டார். அதில் 23-ஆவது கான்டிக்கின் நீளம் 5,463. பதிவைச் சமர்ப்பித்தவர் மட்டுமே திருத்த முடியும் என்பதால் அவரிடம் பேசினேன். இன்று மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்த வேண்டுகோளை எழுதப் போகிறோம்.